வீட்டு இணைய இணைப்பை குடிநீர், மின்சாரம் போலப் பொதுச் சேவையாக ஆக்க வேண்டுமா?

படிப்பறை எழுதியது:

எங்கள் குடியிருப்புக்குள் கேபிள் வைத்திருப்பது ஒரே ஒரு நிறுவனம். கட்டடம் கட்டியவரோடு அவர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அப்படி. வேறு யாரும் உள்ளே வர முடியாது. போன மாதம் இணைப்பு அறுந்து, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று பதிவுக் குரல் சொல்லி வைத்துவிடும். மறுபடி கூப்பிட்டால் அதே குரல்.

நான் வீட்டிலிருந்து பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அம்மாவுக்கு இதய மருத்துவரின் ஆலோசனையும் வீடியோவில்தான். மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளித்தேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேமராவைத் திறந்தால் பலகை அப்படியே உறைந்துவிடுகிறது. "மிஸ், கேட்கலை" என்று ஒரு பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அடுத்த வாரம் தேர்வு.

தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். மின்சாரம் என்றால் ஒழுங்குமுறை ஆணையம் வரைக்கும் போகலாம். இணையத்துக்கு மட்டும் "பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்" என்கிறார்கள். மாறுவதற்கு வேறு ஆள் இல்லாத இடத்தில் அது ஒரு பதிலா? வீட்டு இணையத்தையும் எல்லோருக்கும் கட்டாயம் கிடைக்க வேண்டிய பொதுச் சேவையாக ஆக்குவது சரியா? அப்படி ஆக்கிய நாடுகளில் நடைமுறை எப்படி இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இழைவேலை எழுதியது:

டீச்சர், நான் ஃபைபர் கேபிள் ஜாயின்ட் அடிக்கிற வேலை பார்க்கிறேன். கருவி விக்கிறவன் இல்ல, பிளான் போடுறவனும் இல்ல. பள்ளத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து, இணையத்தை வெளிச்சமாக் கொண்டுபோற கண்ணாடி இழையை ஒட்டுறவன். அங்கேர்ந்து பார்த்ததை வெச்சுத்தான் சொல்றேன்.

சில தெருவுல மேன்ஹோல் மூடியைத் தூக்கினா மூணு நிறுவனத்தோட பைப் பக்கத்துல பக்கத்துல போகும். மூணுமே அதே வீடுகளைத் தாண்டித்தான் போகுது. ஆளாளுக்குத் தனியா அனுமதி வாங்கி, தனியா ரோட்டைத் தோண்டி, தனியா மூடியிருப்பாங்க. 48 இழை கேபிளைப் பிரிச்சா, பாதிக்கு மேல வெளிச்சமே போகாம சும்மா கிடக்கும். அதே ஊர்ல இன்னொரு ஓரத்துல ஒரு வாய்க்காலைத் தாண்டினா ஏழெட்டு வீடு இருக்கும். அங்க மூணு பேருல ஒருத்தரும் போகமாட்டாங்க. சர்வேக்கு வந்தவர் பார்த்துட்டு "ரூட் ஒத்துவராது"ன்னு எழுதிட்டுப் போயிடுவார். அந்த வீட்டுப் பையன் ஒருத்தன் நான் வேலை செய்யுற இடத்துக்கே வந்து, "அண்ணா, இதுலேர்ந்து எங்க வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு இழுத்துவிடக் கூடாதா?"ன்னு கேட்டான். என் கையில இருந்த கேபிள்ல யாருக்கும் குடுக்காத இழை அத்தனை இருந்துச்சு. எனக்கு அதைத் தொடுற அதிகாரம் கிடையாது.

காசு எங்க போகுதுன்னு பார்த்தா விஷயம் புரியும். இழையை ஒட்டுறது பெரிய செலவு இல்ல. மேல்பூச்சை உரிச்சா இழையோட தடிமன் 125 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), வெளிச்சம் ஓடுற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். ஸ்பிரிட்ல துடைச்சு, கிளீவர்ங்கிற வெட்டுக்கருவியில நேரா வெட்டி, ரெண்டு முனையையும் மெஷின்ல வெச்சு மூடினா அதுவே பார்த்து, சேர்த்து, மின்பொறியில உருக்கி ஒட்டிடும். மெஷின் வேலை சில நொடிதான். ஆனா அந்த முனையை அந்த இடத்துக்குக் கொண்டுவர பள்ளம் வெட்டணும், பைப் போடணும், ரோட்டைத் திரும்ப ஒட்டுப் போட்டுக் குடுக்கணும். பள்ளம் வெட்டிப் போடுற ஃபைபர் திட்டம் எதுவானாலும் பெரும் செலவு மண்ணுக்குத்தான். அதனாலதான் ஒரு தெருவுக்கு ஒருத்தர் முதல்ல வந்துட்டா ரெண்டாவது ஆள் வர யோசிக்கிறார். உங்க குடியிருப்புல நடந்ததும் இதோட சின்ன வடிவம்தான்.

இன்னொண்ணும் இருக்கு. மண்ணுக்குள்ள போற இழைக்கு ஆயுசு ரொம்ப அதிகம். மேல மாட்டுற கருவிதான் மாறிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு நிறைய வீட்டுக்கு ஜிபான் முறையில குடுக்கிறாங்க. நிறுவனத்தோட எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து வர்ற ஒரு இழையை ஸ்ப்ளிட்டர்ங்கிற பிரிப்பான் போட்டு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறது. அதுல வீட்டுப் பக்கம் வர்ற மொத்த வேகம் நொடிக்கு 2.5 ஜிகாபிட். ரெண்டு முனையிலயும் எக்ஸ்ஜிஎஸ்-பான்ங்கிற புதுத் தலைமுறைக் கருவியை மாட்டினா அதே இழையில 10 ஜிகாபிட் ஓடும். ரோட்டைத் தொடவே வேணாம்.

அதனால என் கருத்து: உங்க கேள்வியை ரெண்டாப் பிரிக்கணும். மண்ணுக்குள்ள இருக்கிற பைப்பும் இழையும் ஒண்ணு, அது மேல ஓடுற சேவை இன்னொண்ணு. ரோடு ஊருக்குப் பொது, அதுல வண்டி யார் வேணும்னாலும் ஓட்டலாம்னு இருக்கு பாருங்க, அந்த மாதிரி முதலாவதைப் பொதுவா வெச்சு, ரெண்டாவதுல எத்தனை பேர் வேணும்னாலும் போட்டி போடட்டும்.

இது நடக்காத காரியம் இல்ல. ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994ல ஸ்டோக்காப்னு ஒரு நிறுவனத்தை ஆரம்பிச்சுது. அது வீடுகளுக்கு நேரா இணையம் விக்கிறது இல்ல. வெளிச்சம் போகாத வெறும் இழையை யார் கேட்டாலும் ஒரே மாதிரி நிபந்தனையில வாடகைக்கு விடும், அந்த வாடகையிலதான் நடக்குது. நியூசிலாந்துல வேற வழி. 2011ல பழைய தொலைபேசி நிறுவனத்தையே ரெண்டா வெட்டினாங்க. கம்பியும் ஃபைபரும் கோரஸ்ங்கிற நிறுவனத்துக்குப் போச்சு. அது தனியார்தான், பங்குச் சந்தையில இருக்கு. ஆனா வீட்டு வாடிக்கையாளருக்கு நேரா விக்கக் கூடாது, எல்லா நிறுவனத்துக்கும் மொத்தமாத்தான் குடுக்கணும். அரசு பணம் போட்டு, 2022 முடியுறதுக்குள்ள மக்கள்தொகையில 87 சதவீதம் பேருக்கு ஃபைபர் எட்டணும்னு இலக்கு வெச்சு நடத்தினாங்க.

அந்த வாய்க்கால் தாண்டின வீட்டுக்கு இது மட்டும் போதாது. அதுக்குச் சட்டத்துல கடமைன்னு எழுதணும். பின்லாந்துல 2010 ஜூலையிலேர்ந்து நொடிக்கு 1 மெகாபிட் (ஜிகாபிட்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வேக இணைப்பு ஒவ்வொருத்தருக்கும் சட்டப்படி உரிமை. 2015ல அதை 2 ஆக்கினாங்க, 2021ல 5 ஆச்சு. பிரிட்டன்ல 2020 மார்ச்லேர்ந்து 10 மெகாபிட் கேட்டு வாங்குற உரிமை இருக்கு. ஆனா அங்க ஒரு கொக்கி: ஒரு வீட்டுக்கு இழுக்க 3,400 பவுண்டுக்கு மேல ஆச்சுன்னா மிச்சத்தை அந்த வீட்டுக்காரரே போடணும். அப்படிப் பார்த்தா யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்கதான் கிடைக்காம நிக்கிறாங்க. சட்டம் எழுதும்போது அந்தக் கடைசி வீட்டை மனசுல வெச்சு எழுதணும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

இழைவேலை அவர்களே, பள்ளத்தருகிலிருந்து நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். பல ஆண்டுகள் பொதுத் திட்டங்களின் கணக்கைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரம் 39 மில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டுத் தன் சொந்த ஃபைபரைப் போட்டது. நகராட்சி நேராக வீடுகளுக்கு விற்பதை மாநிலச் சட்டம் கடினமாக்கியிருந்ததால், மொத்த விற்பனை மட்டுமே. நீங்கள் பரிந்துரைக்கும் அதே முறைதான். எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. 2013இல் அதை ஒரு டாலருக்கு கூகுளிடம் கொடுத்தார்கள். கடனை மட்டும் நகர மக்கள் தங்கள் மின் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் பெரியது. 2009இல் 90 சதவீத வீடுகளுக்கு ஃபைபர் என்று அறிவித்தார்கள். 2013இல் ஆட்சி மாறியதும் செலவைக் குறைக்கிறோம் என்று பழைய செம்புக் கம்பியையும் சேர்த்துக் கலவையாகப் போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தச் செம்பு போதாது என்று தெரிந்து, மறுபடி ஃபைபருக்கு மாற்றும் செலவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும் இடத்தில் முப்பது நாற்பது ஆண்டுத் திட்டத்தை ஒப்படைத்தால் இந்த அபாயம் எப்போதும் இருக்கும்.

வாய்க்கால் தாண்டிய வீட்டைப் பற்றி ஒரு கேள்வி. இப்போது பூமிக்கு அருகில் சுற்றும் தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. பள்ளமே வெட்டாமல் கூரையில் ஒரு தட்டு வைத்து இணைப்புக் கொடுக்கலாமே. பொதுப் பணத்தை மண்ணில் போடுவானேன்?


சாளரம் எழுதியது:

எனக்குச் செலவைவிட வேறொரு பயம். இழை முழுதும் அரசின் கையில் இருந்தால், அணைக்கும் விசையும் அரசின் கையில். போராட்டம் நடக்கிறது, தேர்வு நடக்கிறது என்று காரணம் காட்டி இணையத்தை நிறுத்துவதை இந்தியா உட்படப் பல நாடுகளில் பார்க்கிறோம். காலவரையில்லாமல் இணையத்தை முடக்கக் கூடாது, முடக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் முடக்கங்கள் நிற்கவில்லை. இந்த நிலையில் கம்பியையும் கொடுத்துவிடுவதா?

நான் என்ன படிக்கிறேன், எந்த நோயைப் பற்றித் தேடுகிறேன் என்பதெல்லாம் கடந்து போகும் வழி அது. தண்ணீர்க் குழாயில் அப்படி எதுவும் போவதில்லை. இந்த வித்தியாசத்தை யாரும் பேசாமல் தாண்டிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.


இழைவேலை எழுதியது:

ரெண்டு பேருமே கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கீங்க. முதல்ல சாளரம்.

2011 ஜனவரியில எகிப்துல மக்கள் தெருவுல இறங்கினப்போ நாட்டோட இணையத்தையே கிட்டத்தட்ட மொத்தமா அணைச்சாங்க. அங்க பல நிறுவனம் இருந்துச்சு, வோடஃபோன் மாதிரி வெளிநாட்டுக்காரங்களும் இருந்தாங்க. உத்தரவு வந்ததும் கிட்டத்தட்ட எல்லாருமே அணைச்சாங்க, அந்த நாட்டுச் சட்டம் அரசுக்கு அந்த அதிகாரத்தைக் குடுத்திருந்துச்சு. தனியார் நிறுவனங்கள் இருந்தும் அங்க முடக்கம் நிக்கலை. முடக்கத்தைத் தடுக்கிறது சட்டமும் கோர்ட்டும்தான், அந்தச் சண்டையைத் தனியா போட்டுத்தான் ஆகணும்.

நீங்க என்ன படிக்கிறீங்கன்னு பார்க்கிற விஷயம் வேற. வெறும் இழையை வாடகைக்கு விடுறவர்கிட்ட உங்க பேரும் இருக்காது, நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கங்கிற பதிவும் இருக்காது. ரெண்டு முனையிலயும் கருவி மாட்டியிருக்கிற சேவை நிறுவனத்துக்கிட்டதான் அது இருக்கும். நான் இழையையும் சேவையையும் பிரிக்கணும்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அரசே ரெண்டையும் சேர்த்து நடத்தினா உங்க பயம் நியாயம்தான், நானும் உங்க பக்கம் நிப்பேன்.

கணக்குப்பிள்ளை ஐயா, புரோவோவைச் சொன்னீங்க, அது வலிக்கிற உதாரணம்தான். மொத்த விற்பனைன்னு பேர் வெச்சா மட்டும் எல்லா இடத்துலயும் ஓடிடாது. ஸ்டாக்ஹோம்ல பெரிய அலுவலகம், தொலைத்தொடர்பு நிறுவனம், வீட்டுக் கட்டட உரிமையாளர், மாநகராட்சியோட சொந்தத் துறைகள்னு வாடகைதாரர் பல வகை. புரோவோ சின்ன நகரம், பெரும்பாலும் வீட்டு இணைப்பை நம்பி நின்னுச்சு. அளவு பார்க்காம கடன் வாங்கக் கூடாதுங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா அதே அமெரிக்காவுல சட்டனூகான்னு ஒரு ஊர். அங்க மின்சாரம் குடுக்கிறது ஊருக்குச் சொந்தமான நிறுவனம். மின்கம்பியில எங்க பழுதுன்னு உடனே கண்டுபிடிக்க ஃபைபர் போட்டாங்க. அதுலயே வீடுகளுக்கு இணையமும் குடுத்து, 2010ல தன் எல்லை முழுக்க ஒரு ஜிகாபிட் தர்றோம்னு சொன்னாங்க. 111 மில்லியன் டாலர் மத்திய அரசு உதவியும் கிடைச்சுது. கம்பம் அவங்களோடது, ஆள் அவங்களோடது, பில் போடுற முறையும் ஏற்கெனவே இருந்துச்சு. கேரளாவுல 2023ல தொடங்கின கே-ஃபோன்ங்கிற அரசு இணையத் திட்டமும் மின்வாரியக் கம்பங்களைப் பிடிச்சுத்தான் போகுது. கம்பம் இருக்கிற இடத்துல பள்ளச் செலவு பெருமளவு மிச்சம். கடன் எவ்வளவுங்கிற கேள்வியே அதுல பாதி இறங்கிடுது.

செயற்கைக்கோளை நான் வேணாம்னு சொல்லலை. பழைய செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்துல இருந்துச்சு, பேசினா பதில் வர்றதுக்குள்ள இடைவெளி தெரியும். இப்போ வர்றது 550 கிலோமீட்டர் மாதிரி உயரத்துல பறக்குது, டீச்சரோட வகுப்புக்குத் தாராளமாப் போதும். மலைமேல தனியா இருக்கிற வீடு, தீவு, இதுக்கெல்லாம் அதுதான் சரி. ஆனா ஒரு வட்டாரத்துக்கு மேல கிடைக்கிற வேகத்தை அங்க இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும். நெருக்கமா வீடு இருக்கிற தெருவுக்கு அது தாங்காது. வாய்க்கால் தாண்டின ஏழெட்டு வீடு நடுவுல மாட்டுது. அவங்க மெயின் கேபிள்லேர்ந்து கூப்பிடு தூரத்துலதான் இருக்காங்க, அதனால அவங்களுக்கு இழையே இழுக்கலாம்.

மின்சாரத்துக்கும் இதே பேச்சு நடந்திருக்கு. 1930கள்ல அமெரிக்காவுல நகரமெல்லாம் விளக்கு எரிஞ்சப்போ பண்ணை வீடுகள்ல பத்துக்கு ஒண்ணுலதான் கரண்ட். அவ்வளவு தூரம் கம்பி இழுத்தா கட்டுப்படியாகாதுன்னு தனியார் நிறுவனங்கள் சொல்லிட்டாங்க. 1936ல கிராம மின்மயச் சட்டம் வந்து, விவசாயிகளோட கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைஞ்ச வட்டியில அரசு கடன் குடுத்துச்சு. சங்கங்களே கம்பம் நட்டாங்க. அதுல பல சங்கங்கள் இன்னைக்கு அதே கம்பத்துல ஃபைபர் கட்டுறாங்க. அரசு அல்லது தனியார்ங்கிற ரெண்டு கதவுக்கு நடுவுல இந்த மூணாவது கதவு எப்பவும் இருந்திருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி அதுதான்.


நூலகமேசை எழுதியது:

ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். கணினி மேசைக்கு வருகிறவர்களில் பலர் இருக்கும் தெருவில் கேபிள் போகிறது. மாதச் சந்தா கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பெரியவர் ஓய்வூதியப் படிவத்தை நிரப்ப வருவார். கடவுச்சொல்லைச் சின்னத் தாளில் எழுதி மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருப்பார். படிவத்தைப் பாதி நிரப்பும்போது அவருடைய நேரம் முடிந்துவிடும், அடுத்தவர் நிற்பார். வீட்டில் இணைப்பு இருந்தால் அவர் நிதானமாக, யாரும் பின்னால் நிற்காமல் அந்த வேலையைச் செய்வார்.

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை அரசு கட்டும் திட்டம் ஒன்று இருந்தது. 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்து 2024இல் நின்றுபோனது. ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கீட்டை நம்பி நிற்கிற உதவி இப்படித்தான் அறுந்துபோகும். பொதுச் சேவை என்று சட்டத்தில் எழுதினால், கட்டணம் கட்டத் தவறியவருக்கும் படிவம் நிரப்பவும் மருத்துவரிடம் பேசவும் போதுமான ஒரு அடிப்படை வேகத்தைத் துண்டிக்கக் கூடாது என்ற விதியையும் அதிலேயே எழுத வேண்டும். எனக்கு இழை யாருடையது என்பதைவிட இது முக்கியம்.


படிப்பறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒரு ஆம், இல்லை கேள்வி. இழையையும் சேவையையும் பிரித்துப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதிது. நூலகமேசை சொன்ன பெரியவரைப் போல என் அம்மாவும் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை சொன்ன எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் இழையைப் பொதுவாக வைப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. சட்டம் வரும்போது வரட்டும். அடுத்த வாரம் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். கட்டடத்தின் பழைய ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது. இழைவேலை அண்ணா, அங்கே நான் என்ன கேட்க வேண்டும்?


இழைவேலை எழுதியது:

டீச்சர், புது ஒப்பந்தத்துல முதல்ல பார்க்க வேண்டியது, கட்டடத்துக்குள்ள ஓடுற கேபிள் யாருக்குச் சொந்தம்னு. கீழ் அறையிலேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போற இழையைச் சங்கமே போட்டுக்கட்டும். ஒரு தடவை செலவு. வீட்டுக்கு ஒண்ணு போதாது, ரெண்டு இழை போடச் சொல்லுங்க. ஒண்ணு அறுந்தாலும், நிறுவனம் மாத்தினாலும், மறுபடி சுவரைக் குடைய வேண்டாம். எல்லா இழையும் கீழ ஒரே பெட்டியில வந்து முடியணும், ஒவ்வொண்ணுலயும் வீட்டு எண் எழுதியிருக்கணும். எழுதலைன்னா எந்த நிறுவனத்து ஆள் வந்தாலும் தப்பான இழையைப் பிடுங்கிட்டுப் போவான், நான் நிறைய பார்த்திருக்கேன். அந்த அறைச் சாவி சங்கத்துக்கிட்ட இருக்கணும், நிறுவனத்துக்கிட்ட இல்ல.

தெருவுலேர்ந்து கட்டடத்துக்குள்ள வர்ற இடத்துல காலி பைப் ரெண்டு மூணு இப்பவே புதைச்சு, உள்ள ஒரு கயிறு போட்டு, வாயை மூடி வைக்கச் சொல்லுங்க. கயிறு இல்லாத பைப்புல கேபிள் இழுக்கிறது பெரும்பாடு. எந்த நிறுவனத்துக்கும் தனி உரிமைன்னு ஒரு வரிகூட ஒப்பந்தத்துல வரக்கூடாது. பழுதுன்னா எத்தனை மணி நேரத்துல ஆள் வரணும், வரலைன்னா கட்டணத்துல எவ்வளவு கழிக்கணும்னும் அதுலயே எழுதி வாங்குங்க.

அப்புறம் உள்ளாட்சிக்கு ஒரு மனு. அடுத்த தடவை தண்ணீர்க் குழாய்க்கோ சாக்கடைக்கோ உங்க தெருவைத் தோண்டும்போது, மூடுறதுக்கு முன்னாடி ஊர் பேர்ல ஒரு காலி பைப்பையும் சேர்த்துப் போடணும்னு கேளுங்க. பள்ளம் எப்படியும் திறந்துதான் இருக்கு, பைப் விலை மட்டும்தான் கூடும். மனுவுல தெரு வரைபடத்தை இணைச்சு, கடைசி வீடு எதுன்னு வட்டம் போட்டுக் காட்டுங்க. கூட்டத்துக்கு முன்னாடி கீழ் அறைப் பெட்டியைப் போட்டோ எடுத்து இங்க போட்டீங்கன்னா, எத்தனை இழை வேணும்னு பார்த்துச் சொல்றேன்.